எடுத்துப்போடுங்க

டிஸ்க் நிறைந்துபோய்விட்டது என்று தாராபுரத்து அண்ணன் போன் செய்தபோது நான் கோயமுத்தூர் பீளமேட்டில் என் அலுவலகத்தில் உட்கார்ந்து, பம்பு செட் கம்பெனிக்காரர் ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பேக்கரிக்கு மேலே இரண்டு அறை. நான், என் லேப்டாப், எப்போது பார்த்தாலும் தேங்காய் பன் வாசனை. சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குக் கிளவுடில் கணினி பிடித்துக்கொடுத்து, அது படுத்துக்கொண்டால் எழுப்பிவிடுவது என் பிழைப்பு.

கிளவுட் என்றால் மேகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எங்கேயோ வெளியூரில் ஏசி போட்ட பெரிய கொட்டகைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொருவருடைய கணினி. அதில் நமக்கு ஒரு பங்கை வாடகைக்கு விடுகிறார்கள். பங்கு போதவில்லையென்றால் பெரிதாக்கிக்கொள்ளலாம். மெஷினையும் பெரிதாக்கலாம், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வால்யூம் என்ற சேமிப்பு டிஸ்க்கையும் பெரிதாக்கலாம். இந்த வேலையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன் என்று அப்போதெல்லாம் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாராபுரத்து அண்ணன் எனக்குச் சொந்தம் இல்லை. அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடையும் கம்ப்யூட்டர் சென்டரும் வைத்திருப்பவர். பக்கத்துக் கட்டடத்தில் அவர் மனைவி ஒரு மெஸ் நடத்தினார். ஒரு நூல் மில் வேலையாக நான் அடிக்கடி தாராபுரம் போய்வந்த நாட்களில் மதியச் சாப்பாடு அங்கேதான். முதல் தடவை உள்ளே போனபோதே அந்த அக்காவுடைய குரல் என்னை நிமிர்ந்து பார்க்க வைத்தது. "ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு ரசம் ஊத்துங்க, எத்தன நேரமா எலையப் பாத்துட்டே குந்தியிருக்குது!" என்று கல்லாவிலிருந்து ஒரு சத்தம். அண்ணன் கடையை விட்டுவிட்டு ஓடிவந்து எனக்கு ரசம் ஊற்றினார். கணவனை 'ஏனுங்க' என்று கூப்பிட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டு, அத்தனை மரியாதையாக அத்தனை பேர் முன்னால் ஒருவரைத் திட்ட முடியும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டே திட்டு வாங்குவார்.

அந்த அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, குரல்வளையை எடுத்துவிட வேண்டும், உயிரைக் காப்பாற்றலாம், பேச்சு இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் அலுவலகத்துக்கு வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த யாரோ அவரிடம் ஒரு மென்பொருளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் பேசியதை நிறையப் பதிவு செய்து கொடுத்தால், பிறகு எதைத் தட்டச்சு செய்தாலும் அவர் குரலிலேயே அது பேசுமாம்.

"நெசமுங்களா அம்மணி?" என்று கேட்டார்.

நிஜம்தான் என்றேன். நிறையப் பேச வேண்டும், பொறுமையாக, சத்தமில்லாத இடத்தில் பதிவு செய்ய வேண்டும், அறுவை சிகிச்சைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று சொன்னேன்.

"முடிச்சுப்போடலாமுங்க. அவ பேச்சுக் கேக்காம என்னால இருக்க முடியாதுங்க அம்மணி. அவகிட்டத் திட்டு வாங்காம ஒரு நாளும் கடை தொறந்ததில்லீங்க நானு" என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் என் முன்னால் உட்கார்ந்து அழுதார். எனக்குக் கோபம் நன்றாக வரும், ஆறுதல் சொல்ல வராது. கீழே போய் இரண்டு டீ வாங்கிவந்தேன்.

மெஸ்ஸின் சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, ஸ்டூல் போட்டுப் பதிவு நடந்தது. மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்று நான்தான் யோசனை சொன்னேன். மென்பொருளோடு வந்த வாக்கியங்களை அக்காவிடம் கொடுத்தோம். 'நாளை வானம் மேகமூட்டத்துடன் காணப்படும்', 'தலைநகரில் போக்குவரத்து பாதிக்கப்பட்டது' என்று அதில் நூறு நூறாக இருந்தது. அக்கா இரண்டைப் படித்தார், தாளைத் தூக்கி மூட்டைமேல் வீசினார்.

"நான் எப்பங்க இப்படிப் பேசுனேன்? தலைநகருக்கும் எனக்கும் என்னங்க ரோதனை? நான் பேசறத நான் பேசறேன். நீங்க புடிச்சுக்கங்க."

அவர் பேசியதை எல்லாம் அண்ணன் பதிவு செய்து, கிளவுடில் நான் பிடித்துக்கொடுத்த வால்யூமில் ஏற்றினார். சரிபார்ப்பதற்காக நான் அவ்வப்போது திறந்து கேட்பேன். 'ஏனுங்க, பால் பொங்குதுங்க.' 'சீப்ப எங்க வெச்சுத் தொலச்சீங்க?' 'இட்லி ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன், தின்னுபோட்டுப் போங்க.' 'எனக்கு வலிக்கிலீங்க, நீங்க போய்ப் படுங்க.' இதற்கு நடுவே வகைவகையாகத் திட்டு. 'காது என்ன கடன் வாங்குனதுங்களா?' 'உங்களுக்குச் சொல்றதுக்கு அந்த ஆட்டுக்கல்லுக்குச் சொல்லலாமுங்க.' திட்டுகள் எதற்கு இத்தனை என்று நான் போனில் கேட்டேன். "நல்ல வார்த்தைக்குக் கையக் காட்டிப்போடலாம் கண்ணு, திட்டறதுக்கு வாய்தான் வேணும்" என்றார் அக்கா. அந்தப் பதிலைக் கேட்டு நான் பேக்கரிக்கே கேட்கும்படி சிரித்தேன்.

அண்ணனிடம் மூன்று விஷயம் சொல்லியிருந்தேன். கிளவுட் கணக்கு அவர் பெயரிலேயே இருக்கட்டும், ஓடிபி அவர் போனுக்கே வரட்டும், ஏனென்றால் அது அவர்கள் வீட்டுச் சொத்து. எனக்கு மெஷினுக்கு உள்ளே போய் வேலை செய்ய மட்டும் ஒரு சாவி போதும். இரண்டாவது, பதிவு முழுவதும் முடிந்ததும் அந்த டிஸ்க்கை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் என்றால், டிஸ்க் அந்த நொடியில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு பிரதி. என்ன நடந்தாலும் அதிலிருந்து திரும்ப உண்டாக்கிக்கொள்ளலாம். அதை என் முன்னால் உட்கார்ந்தே எடுத்தார். மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் இறக்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"ஆகட்டுங்க" என்றார்.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் 'ஆகட்டுங்க' என்றால் சரி என்று பொருள் இல்லை. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று பொருள். நானும் இதே மண்ணில் பிறந்தவள்தானே, எனக்குத் தெரியாதா? தெரிந்தும் விட்டுவிட்டேன். அண்ணன் ஹார்ட் டிஸ்க்கில் எதையும் இறக்கவே இல்லை. பதிவு செய்த போனில் இடம் பற்றாமல், ஏற்ற ஏற்ற அதிலிருந்து அழித்துக்கொண்டே வந்திருக்கிறார். கிளவுடில் இருந்தால் பத்திரம் என்று அவருக்கு அத்தனை நம்பிக்கை.

அக்காவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து, தையல் பிரித்து, கஞ்சி குடிக்கத் தொடங்கினார். நான் குரலை உருவாக்கும் வேலையை ஆரம்பித்தேன். நாங்கள் பிடித்திருந்த சின்ன மெஷினுக்கு அது தாங்கவில்லை. பாதியிலேயே மூச்சு முட்டி நின்றுவிடும். வேலைக்கிடையே உண்டாகும் கோப்புகள் குவிந்து டிஸ்க்கும் நிறைந்தது. அந்தச் சமயத்தில்தான் அண்ணன் போன் செய்தார்.

"அம்மணி, டிஸ்க் ரொம்பிப்போச்சுன்னு செவப்புல காட்டுதுங்க. காலையில இருந்து வேண்டாததெல்லாம் பாத்துப் பாத்து அழிச்சுட்டே இருக்கறேனுங்க. எடமே ஆக மாட்டேங்குதுங்க."

"அண்ணா, ஒண்ணையும் தொடாதீங்க! பெரிசு பண்ணிக்கலாம். மெஷினையும் பெரிசு பண்ணணும், வால்யூமையும் பெரிசு பண்ணணும். நான் சொல்லச் சொல்ல நீங்க அமுக்குங்க."

பம்பு செட்காரரை அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு மெஷினைப் பெரிதாக்க வேண்டுமென்றால் முதலில் அதை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு ஒரு பட்டன், அதற்குப் பக்கத்திலேயே மெஷினைக் கொன்று புதைப்பதற்கு இன்னொரு பட்டன். "அண்ணா, ஸ்டாப் வேற, டெர்மினேட் வேற. டெர்மினேட்டுன்னு இருக்கறது பக்கமே கை போகக் கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவரும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினார். "எஸ், டி, ஓ, பி. இதுதானுங்களே?" அதேதான் என்றேன். எல்லா ஜாக்கிரதையையும் அந்த ஒரு வாசலிலேயே நின்று காட்டிக்கொண்டிருந்தேன்.

மெஷின் நின்றது. அடுத்தது டிஸ்க். பெரிதாக்குவதற்கு முன்னால் புதிதாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும், அதுதான் முறை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, இங்க ஸ்னாப்ஷாட்டுன்னு ஒண்ணு இருக்குதுங்க. எடுத்துப்போடலாமுங்களா?"

அடடா, மனுஷன் எவ்வளவு விவரமாக இருக்கிறார் என்று எனக்குச் சந்தோஷம். "எடுத்துப்போடுங்கண்ணா. அதத்தான் மொதல்ல செய்யணும்" என்றேன்.

போனில் மவுஸ் அமுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எடுத்துப்போட்டேனுங்க" என்றார்.

"கரெக்ட்டா வந்துச்சா?"

"உறுதியான்னு ஒருக்காக் கேட்டுதுங்க. ஆமான்னு அமுக்கிப்போட்டேன். ஆயிப்போச்சுன்னு பச்சையில காட்டுதுங்க."

அவரை வால்யூமின் அளவை மாற்றச் சொன்னேன். மாற்றினார். மெஷினைப் பெரிய வகைக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார், திரும்ப ஓடவிட்டார். இனி என் வேலை. வெளியே டிஸ்க் பெரிதாகிவிட்டாலும் உள்ளே கோப்புகள் அடுக்கியிருக்கும் அமைப்பு பழைய அளவிலேயேதான் இருக்கும். அதையும் நீட்டிவிட வேண்டும். எத்தனையோ கம்பெனிகளுக்கு எத்தனையோ முறை அடித்த அதே இரண்டு கட்டளைகளை அடித்தேன். முதலாவது ஓடியது. இரண்டாவது பாதியில் நின்று, சிவப்பாக ஏதேதோ கொட்டியது. டிஸ்க் நிறைந்து வழிந்தபோதே உள்ளே ஏதோ ஒரு மூலையில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்து கெட்டுப்போயிருக்கிறது. நீட்டும்போது அந்தக் கெட்ட மூலை மீதியையும் இழுத்துக்கொண்டு சரிந்துவிட்டது. கோப்புகள் இருந்த இடத்தைத் திறந்தால் ஒன்றுமே இல்லை.

எனக்குப் பெரிய பதற்றம் வரவில்லை. இதற்காகத்தானே ஸ்னாப்ஷாட்.

"அண்ணா, டிஸ்க் கொஞ்சம் மக்கர் பண்ணிருச்சு. பரவால்ல. இப்ப எடுத்துப்போட்டீங்களே ஸ்னாப்ஷாட், அதுலருந்து புது வால்யூம் ஒண்ணு உண்டு பண்ணிக்கலாம். அந்தப் பக்கத்துக்குப் போங்க."

"எதுலருந்துங்க?"

"ஸ்னாப்ஷாட்லருந்து."

"அதத்தான் எடுத்துப்போட்டமுங்களே."

"ஆமாண்ணா. எடுத்தீங்கல்ல, அது அங்க இருக்கும் பாருங்க."

"இல்லீங்க அம்மணி. இருந்தத எடுத்துப்போட்டமுங்க. எடம் பத்தலைன்னு... நீங்கதான் எடுத்துப்போடுங்க, அதத்தான் மொதல்ல செய்யணும்னு சொன்னீங்க."

பஸ் ஸ்டாண்டு ஹாரன் சத்தம் அவர் போன் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. போட்டோ எடுத்துப்போட்டேன் என்றாலும் எடுத்துப்போட்டேன்தான். செருப்பில் ஏறிய முள்ளை எடுத்துப்போட்டேன் என்றாலும் எடுத்துப்போட்டேன்தான். உண்டாக்குவதற்கும் அதே வார்த்தை, இல்லாமல் ஆக்குவதற்கும் அதே வார்த்தை. காலையிலிருந்து இடத்துக்காக எதையெதையோ அழித்துக்கொண்டிருந்த மனுஷன் அவர் மனதிலிருந்த பொருளில் கேட்டார், நான் என் மனதிலிருந்த பொருளில் பதில் சொன்னேன். பிறந்ததிலிருந்து பேசும் பேச்சு. ஒரு மதராஸ்காரனோ ஒரு மலையாளியோ இந்தப் பக்கம் இருந்திருந்தால், 'என்ன சார், டெலீட்டா, க்ரியேட்டா?' என்று கேட்டுத் தொலைத்திருப்பான். நாங்கள் இருவரும் ஒரே ஊர்ப் பேச்சுக்காரர்கள், ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டோம். அட கெரகமே!

"அம்மணி, இருக்கறீங்களா?" என்றார்.

"இருக்கறேண்ணா."

"பழைய அளவுக்கே திருப்பிச் சின்னதாக்கிப்போட்டா, உள்ள இருந்தது வந்துருமுங்களா?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. எவ்வளவு நியாயமான கேள்வி! மெஷினைத் திரும்பச் சின்னதாக்கலாம். வால்யூமை அப்படிச் செய்ய முடியாது. கிளவுடில் வால்யூமைப் பெரிதாக்க மட்டும்தான் வழி வைத்திருக்கிறார்கள். "வராதுண்ணா. வால்யூமச் சின்னதாக்க முடியாது" என்றேன்.

"ஓ, முடியாதுங்களா" என்றார். "செரிங்க."

அதற்குப் பிறகு நான் செய்யாதது ஒன்றும் இல்லை. கிளவுட் கம்பெனிக்குப் புகார் போட்டேன். அவசரம் என்று போட்டேன், ஒரு மனுஷியின் குரல் என்று போட்டேன். இங்கிலீஷில் பதில் வந்தது. உங்கள் தரவு உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நாங்கள் புரிந்துகொள்கிறோம், நீக்கப்பட்ட ஸ்னாப்ஷாட்டை மீட்க இயலாது, எங்கள் சேவையை மதிப்பிட இங்கே அழுத்தவும். நட்சத்திரம் வேண்டுமாம் நட்சத்திரம்! போன் நம்பர் தேடி எடுத்து, ஒரு ஆளைப் பிடித்து, கத்தினேன். அந்தப் பக்கத்திலிருந்த பையன், "மேடம், நான் உங்கள் நிலையில் இருந்தாலும் இப்படித்தான் உணர்வேன்" என்றான். எழுதிக்கொடுத்ததைப் படிக்கிறான் என்று தெரிந்தது. அவனையும் என்ன சொல்ல? அவன் கையில் என்ன இருக்கிறது?

கெட்டுப்போன டிஸ்க்கை இன்னொரு மெஷினில் மாட்டி, மீட்கும் கருவிகள் ஒவ்வொன்றாக ஓட்டினேன். சாப்பாட்டை மறந்தேன், என் வாடிக்கையாளர்களின் போனை எடுப்பதை நிறுத்தினேன். பெயரில்லாத கோப்புகள் குப்பை குப்பையாக வந்தன. ஒவ்வொன்றையும் காதில் மாட்டிக் கேட்டேன். கர்ர்ர் என்று இரைச்சல். கர்ர்ர், கர்ர்ர். ஒன்றே ஒன்றில் மட்டும் தொடக்கத்தில் 'ஏனு' என்று கேட்டது. அத்தோடு இரைச்சல்.

அதை அண்ணனுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று இருந்து இருந்து, கடைசியில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "அவதானுங்க!" என்றார். "இன்னியும் கொஞ்சம் தோண்டுனா வருமுங்களா?"

"வராதுண்ணா."

"செரிங்க. நீங்க சாப்டீங்களா? குரலே செரியில்லீங்களே."

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். 'நீயெல்லாம் என்னத்தைப் படிச்ச?' என்று ஒரு தடவை கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு எகிறி, சண்டை போட்டு, அழுது தீர்த்திருப்பேன். எங்கள் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அது ஆளை நிற்க வைத்தே கொல்லும்.

சொந்தக்காரர்களிடம் இருந்த கல்யாண வீடியோக்களை எல்லாம் அவர் வாங்கி அனுப்பினார். ஒவ்வொன்றிலும் நாதஸ்வரமும் மைக் செட்டும் அலறுகிற நடுவில் அக்கா தூரத்தில் வாயசைத்துக்கொண்டு போகிறார். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே சொவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தமுங்க. செய்தி எதுக்குங்க அனுப்பறது?" என்றார். ஒரு வளைகாப்பு வீடியோவில் மட்டும் நான்கைந்து வார்த்தை ஓரளவு தெளிவாகக் கிடைத்தது. அதை மட்டும் வைத்து ஒரு குரல் செய்து பார்த்தேன். இப்போதுதான் துளி ஒலியிலிருந்தே குரல் செய்கிறார்களே. 'ஏனுங்க, பால் பொங்குதுங்க' என்று தட்டச்சு செய்து ஓடவிட்டேன். டிவியில் செய்தி வாசிக்கும் பெண் தப்பித் தவறித் தாராபுரத்துக்கு வந்தது மாதிரி அது பேசியது. 'ங்க' வந்தது, அதில் அக்கா இல்லை. அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "யாருங்க இது?" என்றார்.

அக்காவுக்கு அதுவரை விஷயமே தெரியாது. தையல் ஆறட்டும், உடம்பு தேறட்டும் என்று அண்ணன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அக்கா தினமும் கேட்கிறாராம். கையில் சிலேட்டு மாதிரி ஒரு பலகை. அதில் 'எப்போ வரும்' என்று எழுதிக் காட்டுவாராம். "வந்துட்டே இருக்குதுங்கன்னு சொல்லிப்போடறேனுங்க. இன்னிக்கு உங்க பேர வேற எழுதிக் கேட்டுப்போட்டா. ஒருக்கா ஊட்டுக்கு வாங்க அம்மணி. நானே சொல்லிக்கறேன். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்" என்றார். என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பஸ் ஏறினேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் வாக்கியம் கட்டிக் கட்டிப் பார்த்தேன், பல்லடம் தாண்டுவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது.

வீடு மெஸ்ஸுக்குப் பின்னால். மெஸ் பூட்டிக் கிடந்தது. முன்னறைக் கட்டிலில் அக்கா தலைவாரிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கழுத்தில் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று கட்டியிருந்தது. மூச்சு அதன் அடியிலிருந்த துளை வழியாகத்தான் போய்வந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் துணி லேசாக உப்பி அடங்கியது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். பலகையை எடுத்து, 'நல்ல திட்டு முதலில் போடு. இவரு ரொம்பத் துளுத்துப் போய்ட்டாரு' என்று எழுதிக் காட்டி, தோள் குலுங்கச் சிரித்தார்.

அண்ணன் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "அதாவது கண்ணு, மெசின் சின்னதா இருந்துச்சு. அதப் பெருசு பண்ணுனோம். டிஸ்க்கும் பத்தல. அதயும் பெருசு பண்ணுனோம்..." என்று ஆரம்பித்தார். அங்கேயே நின்றார். மறுபடியும், "மெசின் சின்னதா இருந்துச்சு" என்றார். அக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அவரால் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, அது போயிருச்சுங்க. எல்லாமே போயிருச்சுங்க. எத்தனையோ பண்ணிப் பாத்தேன். திரும்ப வராதுங்க" என்றேன்.

அக்கா என் கையை விட்டார். பலகையை எடுப்பார் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். ஏனுங்க என்று உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்று தெரியவில்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, கை இரண்டையும் ஆட்டி, கட்டிலைத் தட்டித் தட்டி, வாய் ஓயாமல் திட்டினார். கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. காற்று சீறுகிற சத்தமும் கட்டில் கிறீச்சிடுகிற சத்தமும் தவிர அந்த அறையில் வேறு சத்தம் இல்லை. நான் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கிடந்தேன். கண்ணீர் வழிய வழிய அவர் நிறுத்தவே இல்லை.

அண்ணன் கை கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்தார்.

"மெதுவாப் பேசு கண்ணு. பக்கத்து ஊட்டுக்குக் கேக்கும்" என்று சொல்லிக்கொண்டே போய் ஜன்னலைச் சாத்தினார்.